தடுப்பூசியும் உத்திசார் துறைதான்: நிதி ஆயோக்குக்கு ஒரு திறந்த மடல்

நிதி ஆயோக் உறுப்பினர்களுக்கும், மத்திய நிதி அமைச்சகத்தில் பொதுத்துறைக் கொள்கையை வகுப்பவர்களுக்கும்,

வணக்கம்.

2021 மே மாதக் கடைசியில், செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் என் அம்மாவோடு நான்கு நாட்கள் நின்றேன். ஏப்ரலில் கோவிட் தடுப்பூசியான கோவேக்சினின் முதல் தவணை போட்டிருந்தார். இரண்டாம் தவணைக்கான நாள் தாண்டிக்கொண்டிருந்தது. காலை ஆறு மணிக்கே வரிசை. கையால் எண் எழுதிய துண்டுச் சீட்டு. பத்து மணிக்குச் செவிலியர் வெளியே வந்து, "இன்றைக்கும் மருந்து வரவில்லை அம்மா" என்பார். அம்மா அந்தச் சீட்டைக் கீழே போடமாட்டார். நாளைக்கும் செல்லும் என்பதுபோல மடித்து மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொள்வார். நான்காம் நாள் அந்தக் கூட்டைத் திறந்தபோது உள்ளே மூன்று சீட்டுகள் இருந்தன.

அதே செங்கல்பட்டில், திருமணியில், 100 ஏக்கர் வளாகத்தில் ஒரு தடுப்பூசித் தொழிற்சாலை நின்றுகொண்டிருந்தது. 2012-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த, சுமார் 594 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டம். மத்திய அரசு நிறுவனமான எச்.எல்.எல். பயோடெக்கினுடையது. மே 25 அன்று தமிழக முதலமைச்சர் நேரில் சென்று பார்த்தார்; வளாகத்தை மாநிலத்திடம் குத்தகைக்குத் தரும்படி பிரதமருக்குக் கடிதமும் எழுதினார். நாங்கள் வரிசையில் நின்ற அந்த நாட்களில் அங்கிருந்து ஒரு குப்பி தடுப்பூசிகூட வெளியே வரவில்லை.

இதைக் கோப்புகளின் தாமதம் என்று சொல்லிக் கடந்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. தனியாரால் செய்ய முடிந்ததை அரசு செய்யக் கூடாது, பயன்படாமல் இருக்கும் உற்பத்தித் திறன் வீண்செலவு என்ற பொருளாதார நம்பிக்கை இதன் பின்னால் இருக்கிறது. அந்த நம்பிக்கை நெடுங்காலமாகத் தடுப்பூசித் துறையை ஆண்டுவருகிறது.

குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907-இல் தொடங்கியது. காசநோய்த் தடுப்பூசி செய்யும் கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம் 1948-இல். இவற்றோடு இமாசலத்தின் கசௌலி நிறுவனத்துக்கும் சேர்த்து, மூன்று அரசுத் தடுப்பூசி ஆலைகளுக்கு 2008 ஜனவரியில் உற்பத்தி உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. மருந்து ஆலைகளுக்கான நல்லுற்பத்தி நெறிமுறைக்கு ஏற்ப அவை இல்லை என்பது காரணம். குறை உண்மையானதுதான். பழைய கட்டடங்கள், பழைய கருவிகள். ஆனால் வீட்டுக் கூரை ஒழுகினால் ஓடு மாற்றுவோம்; குடியிருப்பவர்களை வெளியேற்றிவிட்டுப் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இடம் தேடமாட்டோம். உரிமங்கள் 2010-இல் திரும்பக் கிடைத்தன. நாட்டின் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டம் தனியார் ஆலைகளை நம்பியிருக்கும் நிலை அதற்குள் ஆழமாக வேரூன்றிவிட்டது.

2021 மே 1 முதல் அதே நம்பிக்கை விலைப்பட்டியலாகவே நம் முன் வந்தது. கோவிஷீல்டு மத்திய அரசுக்கு 150 ரூபாய், மாநிலங்களுக்கு 400, தனியார் மருத்துவமனைகளுக்கு 600 என்று அறிவித்தார்கள். கோவேக்சின் 150, 600, 1,200. எதிர்ப்பு எழுந்த பிறகு மாநிலங்களுக்கான விலை 300, 400 எனக் குறைந்தது. விலை உயர்ந்தால் உற்பத்தி பெருகும் என்பது பொருளாதாரப் பாடம். ஆனால் தடுப்பூசி ஆலையை ஒரு மாதத்தில் பெரிதாக்க முடியாது. உயிருள்ள செல்களை வளர்க்க வேண்டும், ஒவ்வொரு தொகுதியையும் சோதிக்க வேண்டும், பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும். விற்பவர்கள் இருவர் மட்டுமே உள்ள இடத்தில், அளவு கூடாதபோது, விலை செய்யும் வேலை ஒன்றுதான்: வரிசையில் யார் முன்னால் நிற்பது என்று தீர்மானிப்பது. தமிழ்நாடு உலகளாவிய டெண்டர் விட்டது. ஒரு நிறுவனமும் வரவில்லை. மாநிலங்களே நேரடியாக வாங்க வேண்டும் என்ற அந்தக் கொள்கையைக் கைவிடுவதாக ஜூன் 7 அன்று பிரதமர் அறிவித்தார்.

கோவேக்சினுக்கான வைரஸைப் பிரித்தெடுத்தது புணேயின் தேசிய வைராலஜி நிறுவனம், மக்கள் வரிப்பணத்தில். நெருக்கடி முற்றியதும் அதன் உற்பத்திக்காக மும்பையின் ஹாஃப்கின், புலந்த்சாகரின் பிப்கோல் போன்ற பொதுத்துறை ஆலைகளின் கதவைத்தான் அரசு தட்டியது. பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்ட ஆலை, கேட்ட மாத்திரத்தில் மருந்து தருமா?

பொருளாதார அறிவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1962-லேயே பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ, சந்தையை மட்டும் நம்பினால் ஆராய்ச்சிக்குச் சமூகத்துக்குத் தேவையான அளவு முதலீடு வராது என்று காட்டினார். புதிய அறிவின் பலன் பலருக்கும் பரவும். முதல் போட்டவருக்கு முழுதும் வந்து சேராது. இதுவும் உங்கள் பாடநூல்களில் இருக்கும் கோட்பாடுதான். கொள்கை எழுதும் மேசைக்கு மட்டும் இது ஏன் வருவதில்லை?

எங்கள் மாவட்டம் ஏரிகளின் மாவட்டம். ஏரி நிரம்பினால் மிகுதி நீர் வழிந்தோடக் கட்டியது கலங்கல். ஒன்பது ஆண்டுகள் அதன் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர் போகாவிட்டாலும் எங்கள் ஊரில் யாரும் அதை வீண்செலவு என்று இடித்ததில்லை. பத்தாம் ஆண்டு வெள்ளத்தில் கரை உடையாமல் காப்பது அதுதான். உங்கள் செயல்திறன் கணக்கில் கலங்கலுக்கு இடமில்லை.

2021 பிப்ரவரியில் அறிவித்த பொதுத்துறை நிறுவனக் கொள்கையில், அரசு குறைந்த அளவாவது இருக்க வேண்டிய உத்திசார் துறைகளை நான்கு தொகுப்புகளாகப் பட்டியலிட்டீர்கள்: அணுசக்தி, விண்வெளி, பாதுகாப்பு; போக்குவரத்து, தொலைத்தொடர்பு; மின்சாரம், பெட்ரோலியம், நிலக்கரி, பிற கனிமங்கள்; வங்கி, காப்பீடு, நிதிச் சேவைகள். மருந்தும் தடுப்பூசியும் அதில் இல்லை. பெருந்தொற்றின் நடுவில் எழுதிய பட்டியல் அது! அந்த ஆண்டு டிசம்பரில், எச்.எல்.எல். பயோடெக்கின் தாய் நிறுவனமான எச்.எல்.எல். லைஃப்கேரை முழுமையாக விற்பதற்கு விருப்ப மனுக்களையும் கோரினீர்கள்.

நான் கேட்பது இவைதான். தடுப்பூசியை அந்தப் பட்டியலில் சேருங்கள். குன்னூர், கிண்டி, கசௌலி ஆலைகளிடமிருந்து ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவு வாங்குவதாகப் பல ஆண்டு ஒப்பந்தம் போடுங்கள். நிச்சயமான கொள்முதல் இருந்தால்தான் அவை கருவிகளைப் புதுப்பிக்க முடியும், இளம் விஞ்ஞானிகள் அங்கே தங்குவார்கள். அரசுப் பணத்தில் பிறக்கும் கண்டுபிடிப்பைத் தனியாருக்கு உரிமம் தரும்போது, ஒரு பொதுத்துறை ஆலைக்கும் அதே நாளில் தொழில்நுட்பத்தைக் கைமாற்ற வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஆயத்தமாக இருப்பதற்கான செலவை நட்டக் கணக்கிலிருந்து எடுத்து, பட்ஜெட்டில் அதற்கெனத் தனித் தலைப்புக் கொடுங்கள்.

அம்மாவுக்கு இரண்டாம் தவணை ஜூன் மாதம் கிடைத்தது. சீட்டுகள் இன்னும் அந்தக் கூட்டுக்குள் இருக்கின்றன. திருமணி வளாகத்தை என்ன செய்யப் போகிறீர்கள் என்பதற்கு எழுத்தில் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
செங்கல்பட்டிலிருந்து ஒரு குடிமகன்