லாக்கர்பி தாண்டிப் போன கயலுக்கு

அன்புள்ள கயல்,

மான்செஸ்டருக்குப் போகும் வழியில் ரயில் ஜன்னலில் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி என்ற ஊர்ப் பெயர்ப்பலகையைப் பார்த்ததாகச் சொன்னாய். "ஆள் அனுப்பிக் குண்டு வைக்கிற அரசாங்கத்துக்குக் கடைசியில் என்னப்பா கிடைக்குது?" என்றும் கேட்டாய். போனில் சரியாகச் சொல்ல வரவில்லை.

1988 டிசம்பர் 21. லண்டனில் கிளம்பிய 38 நிமிஷத்தில் பான் ஆம் 103 என்ற அமெரிக்கப் பயணிகள் விமானம் அந்த ஊருக்கு மேலே வெடித்தது. விமானத்தில் 259 பேர், தரையில் 11 பேர் இறந்தார்கள். பயணிகளில் 35 பேர் அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழக மாணவர்கள். படிப்பு முடிந்து கிறிஸ்துமஸுக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள். நீ ஊருக்கு வர டிக்கெட் போடும்போதெல்லாம் எனக்கு அந்த 35 ஞாபகம் வரும்.

ரேடியோ கேசட் பிளேயருக்குள் குண்டு, பெட்டியில் அதைச் சுற்றித் துணிகள். கருகிய துணித் துண்டுகளைப் பிடித்துக்கொண்டு போலீஸ் மால்டாவில் ஒரு துணிக்கடை வரை போனது. 2001-ல் லிபிய உளவுத்துறை ஆள் ஒருவருக்குத் தண்டனை. அந்தத் தீர்ப்பை நம்பாதவர்கள் இன்றும் உண்டு. வயல்களில் சிதறிக் கிடந்த பயணிகளின் உடைகளை அந்த ஊர்ப் பெண்கள் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து, பெற்றவர்களுக்கு அனுப்பினார்கள். சேறு போக எத்தனை தண்ணீர் மாற்றினார்களோ.

சரி, லிபியாவை ஆண்ட கடாபிக்கு என்ன கிடைத்தது? 1986-ல் பெர்லின் டிஸ்கோ ஒன்றில் நடந்த குண்டுவெடிப்புக்கு லிபியாதான் காரணம் என்று சொல்லி, பதிலுக்கு அமெரிக்கா லிபியத் தலைநகர் திரிப்போலியில் குண்டு போட்டது. அதற்குப் பழிவாங்கத்தான் லாக்கர்பி என்பார்கள். ஆனால் 'நான்தான் செய்தேன்' என்று வாய் திறந்தால் மறுபடி அடி விழும். மறைத்தாலோ, எதிராளியிடம் எதைக் கேட்டு மிரட்டுவது? ஒளிந்து செய்கிற காரியத்தில் எந்தப் பேரமும் நடக்காது கயல்.

1992-ல் ஐ.நா. தடை வந்தது. ஏழு வருஷம் லிபியாவுக்கு வெளிநாட்டு விமானப் போக்குவரத்தே கிடையாது. நோயாளிகள்கூடத் தரைவழியாக துனிசியா போய்த்தான் விமானம் ஏற வேண்டும். 1999-ல் சந்தேக நபர்கள் இருவரை ஒப்படைத்தார்கள். 2003-ல் பொறுப்பேற்று, இறந்த ஒவ்வொருவருக்கும் 1 கோடி டாலர் வரை கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். அந்த மக்களின் எண்ணெய்க் காசு அது.

கடாபி மட்டும் 2011 வரை நாற்காலியில் இருந்தார், ஒரு நாளும் கூண்டில் ஏறவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்த முறை அங்கே இறங்கு. டிரைஃப்ஸ்டேல் கல்லறைத் தோட்டத்தில் அத்தனை பேர் பெயரும் செதுக்கிய கல் இருக்கிறது. என் பேரில் கொஞ்சம் பூ வை. அப்புறம், டிசம்பர் டிக்கெட் போட்டதும் உடனே சொல்.

அன்புடன்,
அப்பா