அரைவட்டம் வரைந்த விடைக்குப் பூஜ்ஜியமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பக்கத்து வீட்டு மாணவி, தன் திருப்புதல் தேர்வு விடைத்தாளை என்னிடம் கொண்டுவந்தாள். √(5 − 4எக்ஸ் − எக்ஸ்²) என்னும் சார்பை −5 முதல் 1 வரை தொகையிட வேண்டும், அதாவது அதன் வளைகோட்டுக்கும் எக்ஸ் அச்சுக்கும் இடைப்பட்ட பரப்பைக் காண வேண்டும் என்பது வினா. மூலக்குறிக்குள் இருப்பதை 9 − (எக்ஸ் + 2)² என்று முழு வர்க்கமாக்கி, பக்கத்தில் ஓர் அரைவட்டம் வரைந்து, ஆரம் 3, பரப்பு 9/2 பை என்று முடித்திருந்தாள். விடை சரி. ஆனால் 'சூத்திரம் எங்கே?' என்று சிவப்பு மையில் எழுதி, பூஜ்ஜியம் போட்டிருந்தார்கள்.

√(ஏ² − எக்ஸ்²) வடிவச் சார்புகளைத் தொகையிட உதவும் அந்தச் சூத்திரமே அந்த வட்டத்திலிருந்து வந்ததுதான். எக்ஸ் + 2 = 3 சைன் தீட்டா என்று பிரதியிட்டால், தீட்டா என்பது ஆரம் செங்குத்துக் கோட்டோடு அமைக்கும் கோணம்; எல்லைகள் −பை/2, பை/2 என மாறுகின்றன; அந்த இடைவெளியில் காஸ் தீட்டா குறை எண் ஆவதில்லை என்பதால், மட்டுக் குறி இல்லாமலே வர்க்கமூலம் 3 காஸ் தீட்டா ஆகிறது. டிஎக்ஸ் தரும் இன்னொரு 3 காஸ் தீட்டாவையும் பெருக்கி, இரட்டைக் கோணத்தில் எழுதித் தொகையிட்டால் அதே 9/2 பை கிடைக்கும்.

நான் கற்பித்த காலத்தில் பிள்ளைகள் தடுமாறியது பிரதியிடலில் அல்ல, எக்ஸ் வர்க்கத்துக்கு முன்னால் நிற்கும் கழித்தல் குறியில்தான். −(எக்ஸ்² + 4எக்ஸ்) என்ற அடைப்புக்குள் 4 கூட்டினால் மொத்தத்தில் 4 குறைகிறது, அதை ஈடுகட்ட 5 உடன் 4 சேர்ந்து 9 ஆக வேண்டும் என்பதை மறந்து, 5இல் 4 போக 1 என்று எழுதிவிடுவார்கள். சூத்திரத்தில் கண்ணை மூடிக்கொண்டு இட்டவருக்கு இந்தப் பிழை தெரியவே தெரியாது. படம் போட்டவருக்கோ, −5 முதல் 1 வரை விட்டம் 6 இருக்க ஆரம் 1 எப்படி வரும் என்று உடனே இடிக்கும்.

மாணவி மீதும் சிறு குறை உண்டு. வர்க்கமூலத்தின் மதிப்பான ஒய் குறை எண் அல்ல என்பதையும், (எக்ஸ் + 2)² + ஒய்² = 9 என்ற சமன்பாட்டையும் ஒரு வரியில் எழுதியிருக்க வேண்டும்; அதற்கு அரை மதிப்பெண் குறைத்தால் நியாயம்.

திருப்புதல் தேர்வுகளுக்கு விடைக்குறிப்பு தயாரிப்போர், இத்தகைய வினாக்களுக்கு வட்டத்தின் வழியையும் மாற்று விடையாகச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
தஞ்சாவூர்.