விலை எதில் ஏறும், எதில் ஏறாது

அக்டோபர் 2025, எடிசன், நியூ ஜெர்சி

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தீபாவளிச் சாமான் வாங்க வருகிறவர்கள் பலரும் கேட்கிறார்கள்: இந்தியப் பொருளுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டிருக்கிறது என்றால், பத்து டாலர் சாம்பார் பொடி பதினைந்து ஆகுமா? ஆகாது.

வரி கடை விலைக்கு அல்ல. துறைமுகத்தில் சுங்கத்துக்குக் காட்டும் இறக்குமதி மதிப்புக்குத்தான். அந்தப் பொடியின் மதிப்பு அங்கே 4 டாலர் என்று வையுங்கள். வரி 2 டாலர். லாரிக் கூலி, கிடங்கு, கடை வாடகை, சம்பளம், லாபம் எல்லாம் அதற்குப் பிறகு சேர்பவை. அவற்றின் மேல் இந்த வரி கிடையாது. பொடி 12 டாலர் ஆனால் நியாயம். 15 ஆனால், மிச்ச 3 டாலர் யாரோ ஒருவர் பைக்குப் போகிறது.

சரக்கு எப்போது வந்தது என்பதும் முக்கியம். ஏப்ரலில் 10 சதவீதம், ஆகஸ்ட் 7 முதல் 25, ஆகஸ்ட் 27 முதல் 50. ஆகஸ்ட் 27-க்கு முன்பே கப்பலேறி, செப்டம்பர் 17-க்கு முன் சுங்கம் தாண்டிய சரக்குக்குக் கடைசியாகக் கூடிய 25 சதவீதம் இல்லை. எங்களிடம் இருக்கும் இட்லி அரிசியும் உளுந்தும் அப்படி வந்தவைதான். தீரும்வரை பழைய விலை. அப்பளம், ஊறுகாய், முறுக்கு புதுச் சரக்கு; அவற்றில் ஏறியிருக்கிறது. முழு வரியையும் நாங்களே தாங்குகிற அளவுக்கு மளிகையில் லாபம் இல்லை.

ஒரு மொத்த வியாபாரி எல்லாப் பொருளுக்கும் ஒரே சதவீதம் ஏற்றி விலைப்பட்டியல் அனுப்பினார், கனடாவில் விளைந்த மசூர் பருப்பு உட்பட! இந்தியா மேல் போட்ட வரி அதற்கு எப்படி வரும்? கேட்டோம், பதில் இல்லை. அதை இப்போது வேறு இடத்தில் வாங்குகிறோம்.

இனி பில்லில் சுங்க வரி தனியாகக் காட்டப்பட்டிருக்கும், எங்களுக்கு வந்த இன்வாய்ஸில் அது இருந்தால் மட்டும். இன்வாய்ஸை யார் கேட்டாலும் காட்டுவோம். நியூ ஜெர்சியின் கொள்ளை விலைத் தடைச் சட்டம் அவசரநிலைக் காலத்துக்கானது. வரி உயர்வுக்கு உதவாது. ஆனால் வராத வரியைச் சொல்லிக் காசு வாங்குவது வேறு விஷயம். அதற்கு மாநில நுகர்வோர் விவகாரப் பிரிவில் புகார் கொடுக்கலாம்.

அப்புறம், நவம்பர் 5 அன்று இந்த வரிகள் செல்லுமா என்ற வழக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றம் விசாரிக்கிறது. செல்லாது என்றாகிப் பணம் திரும்பினால், அது சுங்கத்தில் கட்டிய இறக்குமதியாளருக்குத்தான் போகும். உங்களுக்கோ எங்களுக்கோ தானாக வராது. எங்கள் பங்கைத் தரவேண்டும் என்று சப்ளையர்களுக்கு எழுதியிருக்கிறோம். எந்தப் பாக்கெட்டை யார் வாங்கினார் என்று தேடிக் கொடுக்க முடியாது. ஆனால் வந்த தொகை தீரும்வரை அதே பொருட்களின் விலையைக் குறைப்போம். எங்களைவிடப் பல மடங்கு பெரிய சங்கிலிக் கடைகளும் இதை இப்போதே எழுத்தில் சொல்லலாம், யாரும் தடுக்கவில்லை.

பில்லில் சந்தேகம் இருந்தால் கல்லாவில் கேளுங்கள்.

உங்கள் மளிகைக் கடை