ரினியூ பண்ணுங்க, இல்ல முடியாதுன்னு சொல்லுங்க, தள்ளி மட்டும் போடாதீங்க

ஸ்கூல் போர்டு ட்ரஸ்டீஸ் எல்லாருக்கும், சூப்பரிண்டெண்டென்ட் ஆபீஸுக்கும் வணக்கம்.

இங்கிலீஷ்ல அனுப்புன மெயிலுக்கெல்லாம் உங்க கருத்துக்கு நன்றின்னு ஆட்டோ ரிப்ளை மட்டும்தான் வருது. ஒவ்வொரு அஜெண்டா அடியிலயும் மொழிபெயர்ப்பு வசதி உண்டு, கேட்டா ஏற்பாடு பண்ணித் தரோம்னு போட்டிருக்கீங்க, அதனால இந்த தடவ தமிழ்லயே எழுதறேன், தயவுசெஞ்சு ஏற்பாடு பண்ணி படிச்சுக்கோங்க. சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவுக்கு கிழக்கால இந்த ஈஸ்ட் பே பக்கம் இருக்கற நம்ம தமிழ் பேரண்ட்ஸும் அப்படியே படிக்கட்டும்.

விஷயம் உங்களுக்கு தெரிஞ்சதுதான், நம்ம சார்ட்டர் ஸ்கூல் ரினியூவல், அதாவது அரசாங்கக் காசுல தனி நிர்வாகம் நடத்தற நம்ம ஸ்கூலுக்கு நீங்க குடுத்த ஒப்பந்தத்த புதுப்பிக்கறது. போன மீட்டிங்ல ராத்திரி பத்தே முக்காலுக்கு மேல அந்த ஐட்டத்த எடுத்து, ஒருத்தர் இன்னும் கொஞ்சம் யோசிக்கணும்னு சொல்ல, இன்னொருத்தர் ஆமான்னு சொல்ல, அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு தள்ளி வெச்சுட்டு கிளம்பினீங்களே, அதப் பத்திதான். எங்க ஆளுங்க ஏழு மணிக்கு வந்து உக்காந்தவங்க. பேசறவங்க நெறைய பேருன்னு தலைக்கு ஒரு நிமிஷம் குடுத்தீங்க. என் முன்னாடி பேசின அம்மா தூங்கற குழந்தைய தோள்ல போட்டுக்கிட்டே மைக் முன்னாடி நின்னாங்க, பேர் சொல்லி எந்த கிளாஸ் பேரண்ட்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள மஞ்ச லைட் வந்துடுச்சு. சொல்ல வந்தத பாதியில விட்டுட்டு தேங்க்யூன்னு சொல்லிட்டு போய் உக்காந்தாங்க. ட்ரான்ஸ்லேட்டர் வெச்சு பேசறவங்களுக்கு ரெண்டு மடங்கு நேரம் குடுக்கணும்னு கலிஃபோர்னியா சட்டத்துலயே இருக்காம், அடுத்த தடவ நாங்க எல்லாரும் தமிழ், தெலுங்கு, இந்தின்னு வரிசையா வந்து நிக்கறோம், விடியறதுக்குள்ள முடிஞ்சா சரி.

எங்க கோரிக்கை ஒண்ணே ஒண்ணு. முடிவ சொல்லுங்க. ரினியூ பண்றீங்களா பண்ணுங்க, இல்லையா, இல்லைன்னு ஓட்டு போட்டு காரணத்த எழுதிக் குடுங்க. ரெண்டும் இல்லாம அந்தரத்துல தொங்க விடறதுதான் எங்களால தாங்க முடியல.

ஏன் இவ்ளோ அவசரம்னு ஒரு ட்ரஸ்டீ கேட்டாரு, ஒப்பந்தம் முடியற ஜூன் 30 வரைக்கும் டைம் இருக்கேன்னாரு. சார், உங்களுக்கு ஜூன் 30. எங்க வீட்டுக்கு பிப்ரவரி கடைசி. அபார்ட்மெண்ட் லீஸ் ஏப்ரலோட முடியுது, இருக்கோமா காலி பண்றோமான்னு ரெண்டு மாசம் முன்னாடியே எழுதிக் குடுக்கணும். இந்த காம்ப்ளக்ஸ்ல நாங்க குடியிருக்கறதே ஸ்கூலுக்கு நடந்து போயிடலாம்ங்கறதுக்காகத்தான். வீட்டுல ஒரு கார், அத அவர் எடுத்துக்கிட்டு காலைல ஏழு மணிக்கெல்லாம் சான் ஹோசே பக்கம் ஆபீஸ் போயிடுவாரு, நான்தான் பொண்ண நடத்திக் கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வந்து லாகின் பண்றேன். ஸ்கூல மூடினா பக்கத்துல இருக்கற, டிஸ்ட்ரிக்ட்டே நேரா நடத்தற ஸ்கூல்ல அடுத்த வருஷம் மூணாங்கிளாஸ்ல இடம் இல்ல, விசாரிச்சுட்டேன், ஓவர்ஃப்ளோன்னு சொல்லி ஊருக்கு அந்த கோடியில இருக்கற ஸ்கூலுக்கு அனுப்புவாங்களாம். ஸ்கூல் பஸ் கெடையாது. அப்ப நாங்க வீட்ட அந்தப் பக்கம் மாத்தணும், இல்ல இன்னொரு கார் வாங்கணும், இல்ல நான் வேலைய விடணும்.

லீசிங் ஆபீஸ் பொண்ணு ஒரு பேப்பர் குடுத்திருக்கு, ஃப்ரிட்ஜ்ல மேக்னட் போட்டு ஒட்டி வெச்சிருக்கோம். பன்னண்டு மாசத்துக்கு கையெழுத்து போட்டா ஒரு வாடக, ஆறு மாசம்னா அதவிட கொஞ்சம் ஜாஸ்தி, மாசா மாசம்னா அதுக்கும் மேல இன்னொரு நானூறு டாலர். கீழ ஒரு தேதி, அத தாண்டினா தானா மாசா மாசம் ரேட்டுக்கு மாறிடும். நீங்க அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு ஈஸியா சொல்லிட்டு எந்திரிக்கறீங்களே, அந்த அடுத்த மாசத்துக்கு எங்க வீட்டுல விலை போட்டு பேப்பர்ல இருக்கு. என் பொண்ணு கிளாஸ்ல பாதிப் பேரு வாடகை வீட்டுக்காரங்கதான், எல்லார் ஃப்ரிட்ஜ்லயும் இதே மாதிரி ஒரு பேப்பர் இருக்கும். சரி இதுக்கு நடுவுல வேற சார்ட்டர்ல இடத்துக்கு குலுக்கல் லாட்டரியில பேர் போடலாம்னா அங்கயும் பாதி இடத்துல அப்ளை பண்ற விண்டோ இந்த மாசத்தோட மூடுது. போட்டு வெச்சு இடம் கெடச்சா போறதா வேண்டாமா? போயிட்டா இங்க பிள்ளைங்க கொறைஞ்சு போச்சு, அதனால மூடறோம்னு நீங்களே சொல்லலாம்.

டைம் பத்தலன்னு சொன்னா சிரிப்புதான் வருது. 2018ல போட்ட அஞ்சு வருஷ ஒப்பந்தம் இது, 2023ல முடிஞ்சிருக்கணும். கோவிட்னால டெஸ்ட் மார்க் எதுவும் ஒழுங்கா இல்லன்னு 2021ல சட்டம் போட்டு ரெண்டு வருஷம் நீட்டினாங்க, 2023ல இன்னும் ஒரு வருஷம் நீட்டினாங்க. ஆக அஞ்சு வருஷம் எட்டு வருஷமாச்சு. அத்தனை வருஷமும் மேற்பார்வைக் கட்டணம்னு ஸ்கூலோட வருமானத்துல 1 சதவீதம் வரைக்கும் வாங்க உங்களுக்கு உரிமை இருக்கு, வருஷத்துக்கு ஒரு தடவையாவது நேர்ல வந்து பாக்கணும்னு கடமையும் இருக்கு. எட்டு வருஷம் வந்து பாத்தவங்களுக்கு இப்ப புதுசா என்ன யோசிக்க இருக்குன்னு தெரியல. பாக்கவே வரலன்னா அது வேற கத.

பெட்டிஷன் குடுத்து 60 நாள்ல ஹியரிங், 90 நாள்ல முடிவு, இதுதான் சட்டம். ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டா இன்னும் 30 நாள். ஸ்கூல்தான் ஒத்துக்கிச்சேன்னு சொல்றீங்க. குடுமி உங்க கையில இருக்கறப்ப அவங்க எப்படிங்க மாட்டேன்னு சொல்லுவாங்க? அந்த ஒப்புதல் லெட்டர பிரின்சிபல் எங்ககிட்ட படிச்சுக் காட்டினப்ப அவங்க முகத்த பாத்திருக்கணும்.

இத்தனைக்கும் உங்க ஸ்டாஃபே ஹியரிங்குக்கு பதினஞ்சு நாள் முன்னாடி ரிப்போர்ட் போட்டாச்சு, ரினியூ பண்ணலாம்னு சிபாரிசு பண்ணியாச்சு. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு ஊர்ல சொல்வாங்க, இங்க பூசாரி குடுத்துட்டாரு, சாமிதான் கண்ண தொறக்க மாட்டேங்குது.

நான் ஒண்ணும் சார்ட்டர்னாலே கோயில்னு கும்பிடற ஆள் இல்ல. ஸ்கூல்களுக்கு மாநில அரசு கலர் போட்டு மதிப்பெண் குடுக்கற டேஷ்போர்டுல எங்க ஸ்கூலுக்கு நல்ல கலரான நீலம் பச்சை மட்டும் வரல, இங்கிலீஷ்ல பச்சை, கணக்குல மஞ்சள், லீவு போடறதுல ஆரஞ்சு. அந்த ஆரஞ்சுக்கு டிசம்பர்ல ஊருக்குப் போயி பொங்கல் முடிச்சு வர்ற நம்ம ஆளுங்களும் ஒரு காரணம், அத மறைக்க வேண்டாம். சான் டியாகோல 2019ல ஏ3 ஆன்லைன் சார்ட்டர் கேஸ் வந்தப்ப, விளையாட்டு டீம்ல இருந்த பிள்ளைங்க பேர வாங்கி ஸ்கூல்ல சேத்த மாதிரி கணக்கு காட்டி கோடிக்கணக்குல அரசாங்க காச எடுத்தத படிச்சு நானும்தான் கொதிச்சேன். கண்காணிப்பு வேணும், கண்டிப்பா வேணும், மோசமான ஸ்கூல மூடத்தான் வேணும். அதுக்குத்தானே 2019லயே ஏபி 1505ன்னு மாநில சட்டம் கொண்டுவந்து, ரினியூவலுக்கு வர்ற சார்ட்டர் ஸ்கூல்கள ஹை, மிடில், லோன்னு மூணா பிரிச்சாங்க. எங்க ஸ்கூல் மிடில்ல இருக்கு. மிடில்ல இருக்கற ஸ்கூல மூடணும்னா, போதுமான முன்னேற்றம் இல்ல, மூடறதுதான் பிள்ளைங்களுக்கு நல்லதுன்னு நீங்க எழுத்துல காட்டணும். காட்டுங்க. அத படிச்சுட்டு கவுண்டிக்கு அப்பீல் போறதா, வேற ஸ்கூல் பாக்கறதான்னு நாங்க முடிவு பண்ணிக்கறோம். காரணமே வராம எதுக்கு அப்பீல் போறது?

அன்னிக்கு மேடையில காதுல விழுந்த காரணம் ஒண்ணே ஒண்ணுதான், டிஸ்ட்ரிக்ட்ல பிள்ளைங்க எண்ணிக்கை குறையுது, இந்த ஸ்கூல் இருந்தா நமக்கு காசு போகுதுன்னு ஒருத்தர் சொன்னாரு. குறையுதுங்கறது உண்மைதான். கலிஃபோர்னியா முழுக்க கோவிடுக்கு முன்னாடி 60 லட்சத்துக்கு மேல இருந்த பிள்ளைங்க இப்ப 60 லட்சத்துக்கு கீழ, வீட்டு விலைக்கு பயந்தே எவ்ளோ பேரு டெக்சஸ் பக்கம் போயிட்டாங்க, இங்க ஃபண்டிங் வேற தினசரி அட்டெண்டன்ஸ வெச்சு வர்றது. உங்க கஷ்டம் புரியுது. ஆனா புது சார்ட்டர் கேட்டு வர்றவங்ககிட்டதான் இந்த காசுக் காரணத்த சொல்ல முடியும், ஏற்கனவே நடக்கற ஸ்கூலோட ரினியூவல அத சொல்லி மறுக்கக்கூடாதுன்னு அதே ஏபி 1505 சட்டத்துல இருக்கு. உங்க வக்கீல் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தாரு, ஒரு வார்த்த சொல்லல, தண்ணி பாட்டில திறந்து திறந்து மூடிக்கிட்டு இருந்தாரு.

உங்க டிஸ்ட்ரிக்ட் டீச்சர்ஸ்ல யாருக்காவது அடுத்த வருஷம் வேலை இருக்காதுன்னா மார்ச் 15க்குள்ள நோட்டீஸ் குடுத்தே ஆகணும். நல்ல சட்டம். எங்க டீச்சர்ஸுக்கு அந்த தேதி எது? என் பொண்ணோட கிளாஸ் டீச்சர் ரெஸ்யூமே அப்டேட் பண்ணிக்கிட்டு இருக்காங்கன்னு கேள்விப்பட்டேன், அவங்கள குத்தம் சொல்ல முடியுமா. நீங்க மே மாசம் சரின்னு சொல்றப்ப ஸ்கூல் வாசல்ல பேர்ப்பலகை மாட்டியிருக்கும், உள்ள டீச்சர் இருக்க மாட்டாங்க.

இன்னொண்ணும் சொல்லிடறேன், மனசுல வெச்சுக்கிட்டு என்ன பண்ண. எங்கள்ல பாதிப் பேருக்கு ஓட்டு கெடையாது. ஹெச்1பில வந்து க்ரீன் கார்டு க்யூவுல நிக்கறவங்க, க்யூ எப்ப நகரும்னு ஆண்டவனுக்கே தெரியாது. சான் ஃபிரான்சிஸ்கோல 2016ல ஓட்டெடுப்பு வெச்சு சிட்டிசன் இல்லாத பேரண்ட்ஸுக்கும் ஸ்கூல் போர்டு எலெக்‌ஷன்ல ஓட்டு குடுத்தாங்க, நம்ம ஊர்ல அந்த பேச்சே இல்ல. எலெக்‌ஷன் வந்தா மட்டும் மெயில்பாக்ஸ் நெறைய பளபளன்னு அட்டை வந்து விழும், ஒண்ணு சார்ட்டர் ஆளுங்க காசுல, ஒண்ணு டீச்சர்ஸ் யூனியன் காசுல, ரெண்டுலயும் அதே சிரிக்கற குழந்தைங்க படம். லாஸ் ஏஞ்சலஸ்ல 2017ல ஒரு ஸ்கூல் போர்டு தேர்தலுக்கு ரெண்டு பக்கமும் சேந்து கிட்டத்தட்ட ஒண்ணரக் கோடி டாலர் எறச்சாங்க. அந்த காசுல எத்தன லைப்ரேரியன் சம்பளம் குடுக்கலாம்னு நான் கணக்கு போடல, போட்டா வயிறு எரியும். எங்க பிள்ளைங்கள வெச்சு நீங்க ரெண்டு பேரும் கபடி ஆடறீங்க, நாங்க கோட்டுக்கு வெளிய நின்னு வாடகை கட்டறோம். ஓட்டு இல்லாதவங்க லெட்டருக்கு ஆட்டோ ரிப்ளை போதும்னு நெனச்சுட்டீங்க போல.

சரி, கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிச்சுக்கோங்க. ட்ரஸ்டீ வேலையில பெருசா காசு ஒண்ணும் வராதுன்னும், நீங்களும் பகல் முழுக்க வேற வேலை பாத்துட்டு ராத்திரி வந்து உக்காறவங்கன்னும் தெரியும்.

பணிவா கேட்டுக்கறது இதுதான். பிப்ரவரி மீட்டிங்ல இந்த ஐட்டத்த, பேச்சில்லாம மொத்தமா பாஸ் பண்ற கன்சென்ட் லிஸ்ட் முடிஞ்சதும் முதல்ல எடுங்க, ஒன்பது மணிக்குள்ள, பிள்ளைங்க முழிச்சிருக்கறப்பவே. அன்னிக்கே ஓட்டு போடுங்க. சரின்னா எத்தனை வருஷத்துக்குன்னு சொல்லுங்க, இல்லைன்னா காரணத்த எழுத்துல அன்னிக்கே பேரண்ட்ஸ் கையில குடுங்க, கூடவே எந்த ஸ்கூல்ல எந்த கிளாஸ்ல எவ்ளோ இடம் இருக்குன்னு ஒரு லிஸ்டும். மறுபடி தள்ளி வைக்கறதா இருந்தா அதுக்கு யார் யார் கை தூக்கறீங்கன்னு பேரோட மினிட்ஸ்ல பதிவு பண்ணுங்க. லீசிங் ஆபீஸுக்கு நான் பிப்ரவரி 27க்குள்ள பதில் சொல்லணும், அதுக்கு முன்னாடி உங்க பதில் வந்தாகணும்.

இப்படிக்கு,
ரெண்டாங்கிளாஸ் படிக்கற பொண்ணோட அம்மா