கேட்ஸ்ஹெட்டில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

பென்ஷம் பகுதியிலுள்ள மருந்தகத்தில் நீ வேலைக்குச் சேர்ந்ததில் எனக்கும் அம்மாவுக்கும் மிகுந்த மகிழ்ச்சி. வெள்ளிக்கிழமை பிற்பகலில் தெரு முழுவதும் ஒரே ஓட்டமாக இருந்து, பொழுதுபடும் நேரத்தில் கடைகளெல்லாம் பூட்டப்பட்டு ஊரே அடங்கிவிடுகிறது என்றும், மருந்து தயாராகிவிட்டதென்று சனிக்கிழமை தொலைபேசியில் அழைத்தால் ஒருவரும் எடுப்பதில்லை என்றும் சொன்னாய். அந்த யூதக் குடும்பங்களின் வாழ்க்கையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லும்படியும் கேட்டாய். அவசரமாகக் கதைத்து முடிக்கிற விடயம் இல்லை என்பதால் ஆறுதலாக எழுதுகிறேன்.

நீ பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் நாங்கள் இலண்டன் ஹென்டனில் இந்த வீட்டுக்கு வந்தோம். ஆகவே பக்கத்து வீட்டில் இருக்கும் ராபி என்னும் யூத சமய ஆசானின் குடும்பத்தை நீ விடுமுறைக்கு வந்தபோது வேலிக்கு மேலால் பார்த்ததோடு சரி. அந்த வீட்டின் முன்னறைகள் இரண்டையும் ஒன்றாக்கித்தான் தங்கள் ஜெப ஆலயத்தை நடத்துகிறார்கள். ராபியின் மாமனார் தொடங்கியதை இப்போது மருமகன் கொண்டுநடத்துகிறார். அவருடைய மூத்த மகன் கேட்ஸ்ஹெட்டில் படித்தவன். உன் ஊரின் பெயரை நான் முதலில் கேட்டதே அவர்களிடம்தான். 1929இல் அங்கே இளைஞர்களுக்கான யெஷிவா என்னும் சமயக் கல்லூரி தொடங்கியது. 1941இல் மணமான ஆண்கள் தொடர்ந்து கற்பதற்கான நிலையமும், 1944இல் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் வந்தன. நிலக்கரிப் புகை படிந்த ஒரு வடஇங்கிலாந்துத் தொழில் நகரம் யூத உலகத்தில் கல்விக்குப் பெயர்போனதாக ஆனது இப்படித்தான். உன்னிடம் மருந்து வாங்க வருகிறவர்களிற் பலர் இந்தக் கல்வியைத் தேடியே அந்த ஊருக்கு வந்த குடும்பங்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொள்.

ராபி என்றதும் நம் கோயில் ஐயரைப்போல நினைத்துவிடாதே. நானும் தொடக்கத்தில் அப்படித்தான் எண்ணினேன். பதின்மூன்று வயது நிறைந்த ஆண்கள் பத்துப் பேர் கூடினால் கூட்டு வழிபாடு நடக்கும். தெரிந்த எவரும் முன்னின்று நடத்தலாம். ராபியின் வேலை கற்பிப்பதும் கேள்விக்குத் தீர்ப்புச் சொல்வதும் ஆகும். பாலையும் இறைச்சியையும் அவர்கள் கலப்பதில்லை; பாலுக்குரிய கரண்டி இறைச்சிச் சட்டிக்குள் விழுந்துவிட்டது, சட்டியை இனிப் பாவிக்கலாமா என்று கேட்டு ஒருவர் வருவார். அவர் போனதும் தாயைப் பராமரிப்பது பற்றி அண்ணன் தம்பி இருவர் வழக்கோடு வருவார்கள். இரண்டையும் அவர் ஒரே கவனத்தோடு கேட்பதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். ரெபெட்சின் என்று மரியாதையாக அழைக்கப்படும் அவர் மனைவியின் பொறுப்பு அதற்குக் குறைந்ததன்று. மணப்பெண்களுக்கு இல்லற நெறிகளைக் கற்பிப்பதும், பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சாப்பாடு போக ஒழுங்கு செய்வதும், ஊருக்குப் புதிதாக வந்து தனியே இருக்கிறவர் யார் என்று விசாரித்து மேசைக்கு அழைப்பதும் அவரே. அந்தச் சமூகத்தை இணைத்து வைத்திருப்பது அந்த மேசைதான் என்பது என் துணிவு.

அதை நீ சபாத் என்னும் வாராந்த ஓய்வுநாளில் காணலாம். வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குப் பதினெட்டு நிமிடங்களுக்கு முன்னர் வீட்டுப் பெண் விளக்கேற்றிவிடுவாள். அதன் பின்னர் சனிக்கிழமை இரவு மூன்று நட்சத்திரங்கள் தெரியும்வரை நெருப்பு மூட்டுவதில்லை, மின்விசையைத் தொடுவதில்லை, வாகனம் ஓட்டுவதில்லை, பணம் கையாள்வதில்லை. இறைச்சியும் அவரையும் பார்லியும் உருளைக்கிழங்கும் சேர்ந்த சோலண்ட் என்னும் கூட்டு முதல்நாளே அடுப்பேறி, மெல்லிய சூட்டில் இரவெல்லாம் வெந்து மறுநாள் மதியத்துக்கு உதவும். பின்னிய பாண் இரண்டைத் துணியால் மூடிவைத்து, திராட்சை இரசக் கிண்ணத்தின் மேல் ஆசி கூறி, தந்தை பிள்ளைகளின் தலையில் ஒருவர் பின் ஒருவராகக் கைவைத்து வாழ்த்துவார். கோடைகாலத்தில் யன்னல்கள் திறந்திருக்கும்போது அவர்கள் பாடுவது எங்கள் முற்றம்வரை கேட்கும். அம்மா அந்நேரம் தொலைக்காட்சியை நிறுத்திவிடுவாள்.

உன் ஊர் இன்னும் வடக்கே இருப்பதால் டிசம்பரில் பிற்பகல் மூன்றரைக்கு முன்பே சபாத் தொடங்கிவிடும். யூன் மாதத்தில் அது முடிய இரவு பதினொரு மணியைத் தாண்டும். ஆகையால் வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டிய மருந்துகளை மதியத்துக்குள் முடித்து, அதற்கு முன்பே எல்லோருக்கும் அறிவித்துவிடு. சனிக்கிழமை ஒருவருக்கு மருந்து அவசரமானால் தயங்காமல் நீயே கொண்டுபோய்க் கதவைத் தட்டு. பணத்தைப் பற்றி அன்று பேசாதே. உயிருக்கு ஆபத்தென்றால் சபாத் விதிகள் விலகி நிற்கும். அப்போது அவர்களே தொலைபேசியை எடுப்பார்கள், வாகனமும் ஓட்டுவார்கள். அப்படிச் செய்வது அவர்களுக்குக் கடமை.

இப்போது புரட்டாதி நெருங்குகிறது. அவர்களுடைய பெரிய நாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதலில் ரோஷ் ஹஷானா என்னும் வருடப்பிறப்பு இரண்டு நாள். ஆட்டுக்கடாக் கொம்பை ஊதி மனத்தைத் தட்டியெழுப்புவார்கள். வரும் ஆண்டு இனிக்கவேண்டுமென்று அப்பிள் துண்டைத் தேனில் தோய்த்து உண்பார்கள். பத்தாம் நாள் யோம் கிப்பூர். ஏறத்தாழ 25 மணிநேரம் ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லாத நோன்பு அது. அதற்கு முந்திய நாள்களில் ஒருவரிடம் ஒருவர் நேரிற் போய் மன்னிப்புக் கேட்பார்கள். மனிதனுக்குச் செய்த குற்றத்தை அந்த மனிதனே முதலில் மன்னிக்க வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். ராபி ஆண்டுதோறும் எங்கள் வாசலுக்கும் வந்து, கூட்டம் கூடும் நாள்களில் எங்களுக்குத் தொந்தரவு ஏதும் கொடுத்திருந்தால் பொறுக்கும்படி கேட்டுப்போவார்.

நோன்புக்கு முன்னர் சர்க்கரை நோயாளிகளும் கர்ப்பிணிகளும் உன்னிடம் ஆலோசனை கேட்டு வரக்கூடும். மருத்துவ உண்மையை மழுப்பாமல் சொல்லி, வைத்தியரிடமும் தங்கள் ராபியிடமும் பேசச் சொல். எங்கள் தெருவில் ஒரு முதியவர் உயிரே போனாலும் நோன்பை விடமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். ராபி அவர் வீட்டுக்கே போய், வைத்தியர் ஆபத்தென்று சொன்ன பிறகு உண்பதே அன்றைக்கு உங்கள் சமயக் கடமை என்று தீர்ப்புச் சொல்லி, எவ்வளவு இடைவெளியில் எவ்வளவு சிறிதாக உண்ணவேண்டும் என்பதையும் விளக்கிவிட்டு வந்தார்.

நோன்பு முடிந்து பாரணை செய்த அந்த இரவே பின்வளவில் சுத்தியல் சத்தம் கேட்கத் தொடங்கும். ஐந்தாம் நாள், பௌர்ணமியன்று, கூடாரப் பண்டிகை. எகிப்திலிருந்து வெளியேறி வனாந்தரத்தில் அலைந்த முன்னோரை நினைந்து ஏழு நாளும் கொட்டிலில் உணவுண்பார்கள். பலகைச் சுவர், வெட்டிய கிளைகளாலான கூரை. நிழல் மிகுந்தும், இடையிடையே வானம் தெரியும்படியும் அது வேயப்பட வேண்டும். பிள்ளைகள் கடதாசிச் சங்கிலிகளும் பழங்களும் கட்டித் தொங்கவிடுவார்கள். எங்களையும் ஒருமுறை அழைத்தார்கள். இங்கிலாந்தின் ஐப்பசிக் குளிரில் மேலங்கியோடு உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருக்கையில் மழை பிடித்துக்கொண்டது. மழையில் வருந்தி உட்கார வேண்டியதில்லை என்று விதியே விலக்குத் தருவதால் எல்லோரும் கிண்ணங்களோடு உள்ளே ஓடினோம். அந்த ஓட்டத்திலும் தன்னிடம் ஒப்படைத்த எத்ரோக் என்னும் நாரத்தைவகைப் பழத்தின் காம்பு உடைந்துவிடாதபடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்த சிறுமியை அம்மா இன்றும் சொல்வாள். ஈச்சங்குருத்து, மிர்டில் என்னும் வாசனைச் செடி, ஆற்றலரி (வில்லோ) ஆகியவற்றின் கிளைகளோடு சேர்த்து வழிபாட்டில் ஏந்துகிற பழம் அது. இந்தப் பண்டிகைகள் சபாத்தை ஒட்டி வந்தால் மூன்று நாள் தொடர்ந்து கடைகள் திறக்கமாட்டா. மருந்து இருப்பை அதற்கேற்பப் பார்த்துக்கொள்.

மார்கழிக் குளிரில் எட்டு இரவுகள் விளக்கேற்றும் ஹனுக்காவும், மாறுவேடம் போட்ட சிறுவர்கள் வீடுவீடாகப் பலகாரத் தட்டுக் கொண்டுபோகும் பூரிமும் நீ தானாகவே கண்டு மகிழக்கூடியவை. எகிப்திலிருந்து வெளியேறியதை நினைவுகூரும் பஸ்காவைப் பற்றித்தான் விரிவாகச் சொல்லவேண்டும்.

பஸ்கா எட்டு நாளும் கோதுமை, பார்லி முதலிய தானியங்களிற் புளித்த எதுவும் அவர்கள் உடைமையில் இருத்தல் ஆகாது. ஹாமெட்ஸ் என்று அதற்குப் பெயர். பல வாரங்கள் வீட்டைத் துடைத்துக் கழுவி, முதல்நாள் இரவு மெழுகுதிரி வெளிச்சத்தில் மூலைமுடுக்கெல்லாம் தேடி, கிடைத்த துணுக்குகளை மறுநாள் காலையில் எரிப்பார்கள். எறிய முடியாத மதுப் போத்தல்கள் போன்றவற்றை யூதரல்லாத ஒருவருக்கு விற்றுவிட வேண்டும். சமூகத்தார் எல்லோரும் அதற்கான அதிகாரத்தை ராபியிடம் எழுதிக் கொடுப்பார்கள். அவர் ஒரே பத்திரத்தில் விற்பார். அதை வாங்கும்படி அவர் கேட்டது என்னை.

பேருக்கு ஒரு கையெழுத்து என்று நினைத்துப் பேனாவை எடுத்தேன். அவர் என் கையைத் தடுத்து, பண்டிகை நாள் காலையின் அத்தனை அவசரத்துக்கு மத்தியிலும் உட்கார்ந்து, ஒவ்வொரு வாசகமாக வாசித்து விளங்கப்படுத்தினார். எந்தெந்த வீட்டில் எந்த அலுமாரி என்ற பட்டியல் இருந்தது. அந்த இடங்கள் எனக்கு வாடகைக்கு விடப்பட்டிருந்தன. முற்பணத்தை நானே எண்ணிக் கொடுக்க வேண்டும், கைகுலுக்க வேண்டும், நான் நீட்டும் கைக்குட்டையை அவர் பிடித்துத் தூக்க வேண்டும். எந்தச் சட்டப்படி பார்த்தாலும் கைமாற்றம் செல்லுபடியாக வேண்டுமென்பதற்காக இத்தனை. அந்த நாள்களில் நான் போய் அலுமாரியைத் திறந்து ஒரு போத்தலைக் கேட்டால் அவர்கள் தந்தேயாக வேண்டும், அது என் பொருள். பண்டிகை முடிந்த இரவு அவரே வந்து பணத்தைத் திருப்பித் தந்து எல்லாவற்றையும் மீள வாங்கினார். அன்று தொட்டு ஆண்டுதோறும் நானே வாங்குகிறேன். ஊரையும் வீட்டையும் விட்டு வந்த என்னிடம் ஒரு சமூகம் தன் வேதச் சட்டத்தை நம்பி ஒப்படைப்பதை நான் பெரிய கௌரவமாகவே கருதுகிறேன்.

அந்த வாரங்களில் மாத்திரையில் கோதுமை மா கலந்திருக்கிறதா என்று உன்னிடம் விடாமல் கேட்பார்கள். சலித்துக்கொள்ளாதே, உட்பொருட் பட்டியலைப் பார்த்து உள்ளதைச் சொல். ராபியிடம் கேளாமல் மருந்தை நிறுத்த வேண்டாம் என்றும் சொல்.

இன்னும் சில. ஆண்களிடம் கைகுலுக்க நீயாகக் கை நீட்டாதே. அவமரியாதை என்று அவர்களும் எண்ணமாட்டார்கள், நீயும் எண்ணாதே. சமைத்த உணவு கொடுத்தால் உண்ண முடியாது. வெட்டாத முழுப்பழம் கொடுக்கலாம். ஆடி, ஆவணி அளவில் கோயில் அழிந்த நாளென்று ஒரு நோன்பு வரும். கி.பி. 70இல் உரோமர் எரூசலேமில் இடித்த ஆலயத்துக்காகவும், அதற்கு முன் பாபிலோனியர் அழித்ததற்காகவும் தரையிலும் தாழ்ந்த கதிரைகளிலும் இருந்து புலம்பல் நூலை வாசிப்பார்கள். அன்றைக்கு வணக்கம் சொல்லிக்கொள்வதுகூட இல்லை என்பதால், முகம் கொடுத்துப் பேசவில்லையென்று வருந்தாதே. யாழ்ப்பாண நூலகம் எரிந்த 1981ஐ நினைத்தால் அந்த நாளை நீ எளிதில் விளங்கிக்கொள்வாய்.

பண்டிகைத் திகதிகளை ராபி வீட்டு நாட்காட்டியிலிருந்து எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். மருந்தகத்துச் சுவரில் ஒட்டிவை. அந்தி நேரங்கள் மட்டும் இலண்டனுக்குரியவை. உன் ஊர்க் கணக்கை அங்கே ஒரு வாடிக்கையாளரிடம் கேட்டு வாங்கு. கொட்டிலுக்கு யாராவது அழைத்தால் மறுக்காமல் போ, தடித்த மேலங்கி போட்டுக்கொண்டு போ. அம்மா மிளகாய்த்தூள் அனுப்புகிறாள்.

அன்புடன்,
அப்பா