ஆனிச் சேலைகளின் பச்சை நிறம் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள அக்காமாருக்கும் அண்ணாச்சிமாருக்கும் வணக்கம்.

நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்துக்காக நாங்கள் அச்சடித்துக் கொடுத்த 24 கிளிப்பச்சைச் சேலைகளைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. உங்களில் பலருக்கும் வந்திருக்கும். போனில் பார்த்த பச்சை வேறு, கைக்கு வந்த பச்சை வேறு, மையில் தண்ணீர் கலக்கிறார்கள் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். நிறம் மாறியது உண்மை, அதற்காக வருந்துகிறோம். தண்ணீர் கலந்தோம் என்ற சொல்லைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

டிஜிட்டல் மெஷினின் மை சீல் வைத்துத்தான் வருகிறது. அதன் பதம் மாறினால் மை தெளிக்கும் ஹெட்டிலிருந்து சொட்டு சரியாக விழாது, கோடு கோடாக அடிக்கும். ஹெட் கெட்டால் எங்களுக்குப் பல மாத வாடகைப் பணம் போய்விடும். நூறு ரூபாய் மையை மிச்சம் பிடிக்க யாராவது அதைச் செய்வார்களா?

நடந்ததைச் சொல்கிறோம். போன் திரை தானே ஒளி விடுகிறது. துணியோ தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பங்கைத்தான் திருப்பித் தருகிறது. எங்களிடம் பச்சை மை என்று தனியாகக் கிடையாது. மஞ்சளும் டர்க்காய்ஸ் நீலமும் சேர்ந்துதான் பச்சை ஆகிறது. திரையில் பளீரென்று தெரியும் அந்தக் கிளிப்பச்சை பருத்திக்கு எட்டவே எட்டாது. அதற்கு மிக அருகில் இருக்கும் பச்சையைத்தான் மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. அப்புறம் வெளிச்சம். கடை டியூப்லைட்டில் ஒன்றுபோல் தெரிந்த இரண்டு பச்சை, ரதவீதி வெயிலில் தனித்தனியாகத் தெரியலாம்.

எங்கள் தவறும் இருக்கிறது. முதலில் எடுத்த துணிச் சுருள் போதாமல் 9 சேலைகளை வேறு சுருளில் அடித்தோம். அது வேறு நெசவு. துணிக்குத் துணி மை குடிக்கும் அளவு மாறும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் வண்ணக் கட்டங்கள் அடித்து, நீராவியில் வேகவைத்து, அலசி, கருவியில் அளந்து தனிப் புரொஃபைல், அதாவது எந்த நிறத்துக்கு எவ்வளவு மை என்ற கணக்கு, போட வேண்டும். நாங்கள் பழையதையே வைத்து ஓட்டிவிட்டோம். நிறம் பார்த்த தம்பி வைகாசியில் திருப்பூருக்குப் போய்விட்டார்.

இனி ஒரு முழம் சாம்பிள் அடித்துக் கையில் தருவோம். நீங்கள் வெயிலில் பார்த்துச் சரி என்ற பிறகுதான் மீதி. போன் படத்தைவிட, பிடித்த நிறத்தில் ஒரு பிளவுஸ் பிட் கொண்டு வந்தால் நல்லது. இதனால் 4 நாள் கூடும், ஆடி முதல் மீட்டருக்கு 15 ரூபாயும் கூடுகிறது.

செய்தியைப் பார்த்த பிறகும் "எங்களுக்கு உங்களைத் தெரியாதா" என்று சொல்லி ஆர்டர் கொடுத்த மேலப்பாளையம் தையல்காரர்களுக்கும், கல்லூரி விழாத் துணியை மாற்றாமல் எங்களிடமே விட்டுவைத்த பாளையங்கோட்டைப் பிள்ளைகளுக்கும் மனம் நிறைந்த நன்றி. அந்த வாரம் கடையைத் திறக்கத் தெம்பு தந்தது நீங்கள்தான்.

அந்த 9 சேலைகளையும் காசு வாங்காமல் மறுபடி அடித்துத் தருகிறோம். ரசீது தேடிக்கொண்டிருக்க வேண்டாம், சேலையைக் கொண்டு வந்தால் போதும். எங்கள் அச்சு எங்களுக்குத் தெரியும்.

அன்புடன்,
கடை உரிமையாளர்
பாளையங்கோட்டை