ராகவனுக்கு: கேவி-85ஐ வாங்குவதா, செய்வதா?

கோயம்புத்தூர்

அன்புள்ள ராகவா,

உன் கடிதமும் அதனுடன் வைத்திருந்த படங்களும் வந்து சேர்ந்தன. நீ செய்த டி-28 டாங்கி மாதிரி நான் எதிர்பார்த்ததைவிட நேர்த்தியாக வந்திருக்கிறது. பின்லாந்துப் போருக்குப் பிறகு அந்த டாங்கியின் மேல் ஒட்டிய கூடுதல் கவசத் தகடுகளை, கிட்டில் (மாதிரி செய்வதற்கான பாகங்கள் வரும் பெட்டியில்) இருந்த வார்ப்பையே நம்பிவிடாமல், தனித்தனியாகப் பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டி நீ வைத்திருப்பது படத்திலேயே தெரிகிறது. தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே விழும் அந்த மெல்லிய நிழல் வார்ப்பில் ஒருபோதும் வராது.

கேவி-85 என்ற சோவியத் கனரக டாங்கியின் கிட்டுக்காகக் காத்திருப்பதா, அல்லது கையில் உள்ள, அதற்கு முந்தைய கேவி-1எஸ் டாங்கியின் கிட்டை மாற்றிச் செய்வதா என்று கேட்டிருக்கிறாய். ட்ரம்பெட்டர் நிறுவனம் கேவி-85ஐ 1/35 அளவில் போட்டிருக்கிறது என்பதும், இப்போது அது கண்ணில் படும் இடங்களில் கேட்கும் விலை நமக்குக் கட்டுப்படியாகாது என்பதும் எனக்கும் தெரியும். என் பதில்: மாற்றிச் செய். விலையை மட்டும் நினைத்துச் சொல்லவில்லை. உலகத்தில் மாற்றிச் செய்வதற்கு என்றே அமைந்த டாங்கி ஒன்று உண்டென்றால் அது கேவி-85தான், ஏனென்றால் அதைத் தயாரித்த செல்யாபின்ஸ்க் ஆலையே அதை அப்படித்தான் செய்தது.

1943 ஜனவரியில் லெனின்கிராடுக்கு அருகே ஜெர்மனியின் டைகர் டாங்கி ஒன்று சோவியத் படையின் கையில் சிக்கியது. ஏப்ரலில் கூபின்கா சோதனைத் தளத்தில் அதைச் சுட்டுப் பார்த்தபோது, வழக்கமான 76 மி.மீ. பீரங்கி அதன் கவசத்துக்குப் போதாது என்பதும், 85 மி.மீ. விமான எதிர்ப்புப் பீரங்கியின் குண்டு துளைக்கிறது என்பதும் தெளிவாயின. அந்த 85 மி.மீ. ஆற்றலை டாங்கிக்குள் கொண்டுவரும் டி-5டி பீரங்கியை பெத்ரோவின் வடிவமைப்புக் குழு உருவாக்கியது. அதைத் தாங்குவதற்கான டரட்டும் (டாங்கியின் மேல் சுழலும் பீரங்கிக் கூடு) ஐஎஸ் என்ற புதிய கனரக டாங்கிக்கென்று தயாராகிவிட்டது. ஆனால் ஐஎஸ்ஸின் உடற்பகுதி உற்பத்திக்கு வர இன்னும் காலம் பிடிக்கும் நிலை, போர்முனையோ காத்திருக்காது. ஆகவே தயாராக இருந்த டரட்டைத் தயாராக இருந்த கேவி-1எஸ் உடலின் மேல் ஏற்றினார்கள். 1943 ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை 148 வண்டிகள் வெளிவந்தன. ஐஎஸ் உற்பத்தி தொடங்கியதும் கேவி-85 நின்றுபோயிற்று. நம் மொழியில் சொன்னால், இரண்டு கிட்களைச் சேர்த்து ஒன்றாக்கும் வேலையைத்தான் அந்த ஆலை மூன்று மாதம் செய்தது.

அதனால்தான் இதில் ஆலை எதிர்கொண்ட சிக்கலே உனக்கும் வரும். கேவி-1எஸ்ஸின் டரட் வளையத்தின் விட்டம் 1535 மி.மீ.; ஐஎஸ் டரட்டுக்கு வேண்டியது 1800 மி.மீ. நம் அளவில் இது 43.9க்கும் 51.4க்கும் உள்ள வேறுபாடு, அதாவது ஏழரை மில்லிமீட்டர். அந்த ஏழரை மில்லிமீட்டருக்கு உடற்பகுதியின் மேல்தட்டில் இடமில்லை. உண்மையான டாங்கியில் டரட்டுக்குக் கீழே இரு பக்கமும் பக்கச்சுவரைத் தாண்டி, மட்கார்டுக்கு மேலே, வளைந்து புடைத்து நிற்கும் பகுதி இதனால் பிறந்ததுதான். கேவி-85ஐ எட்ட நின்று அடையாளம் காட்டுவதும் அதுவே. இந்தப் புடைப்பைச் செய்யாமல் டரட்டை மட்டும் தூக்கி வைத்தவர்களின் மாதிரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரியவரின் தொப்பியைச் சிறுவன் தலையில் கவிழ்த்ததுபோல் இருக்கும்.

வேலையை இந்த வரிசையில் செய்தால் தொல்லை குறையும். முதலில் மேல்தட்டில் பழைய வளையத்தின் மையத்தைத் துல்லியமாகக் குறித்துக்கொண்டு, காம்பஸ் கத்தியால் புதிய வட்டத்தை இருமுறை மூன்றுமுறை இலேசாகக் கீறிக் கீறி வெட்டு. ஒரே அழுத்தில் வெட்டினால் விளிம்பு பிசிறும். வட்டம் பக்கச்சுவரை வெட்டிக்கொண்டு வெளியேறும் இடத்தில் அரை மில்லிமீட்டர் ஷீட்டை வெந்நீரில் காட்டி, ஏதாவது ஒரு மருந்துக் குப்பியின் மேல் சுற்றி வளைவு பிடிக்கச் செய்து, உள்ளிருந்து முட்டுக் கொடுத்து ஒட்டு. இணைப்பில் பட்டி வைத்து, முழுதும் இறுகியபின் உப்புத்தாள் போடு. அவசரப்பட்டு அன்றே தேய்த்தால், பிறகு பட்டி சுருங்கி வண்ணத்துக்கு அடியில் கோடாகத் தெரியும்.

அடுத்தது முன்புறம். கேவி-85இல் குழுவினர் நால்வர்தான். வானொலி இயக்குநருக்கு இடமில்லாமல் போனதால், முன்தகட்டில் அவருடைய இயந்திரத் துப்பாக்கிக்கென்று இருந்த உருண்டைத் தாங்கியை எடுத்துவிட்டு அந்தத் துளையைத் தகடு வைத்துப் பற்றவைத்து மூடினார்கள். துப்பாக்கியை ஓட்டுநரின் வலப்பக்கத்தில் அசையாதபடி பொருத்தினார்கள். கிட்டில் உள்ள உருண்டையைச் சீவித் தள்ளிவிட்டு வட்டத் தகடு ஒன்றை ஒட்டு. பற்றவைப்பின் மேட்டுக்கு, ஸ்ப்ரூவை (கிட்டின் பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் தண்டு) மெழுகுவத்திச் சுடரில் காட்டி இழுத்த நூலை வட்டமாக வைத்து, திரவப் பசையால் இளக்கி, கத்தி முனையால் சிறுசிறு கீற்றாகக் குத்திவிடு. முழு மாதிரியிலும் இதற்குச் செலவாகும் நேரம் மிகக் குறைவு. பார்க்கிறவன் கண் முதலில் போய் நிற்பதும் இங்கேதான்.

டரட்டுக்கு, 85 மி.மீ. பீரங்கி கொண்ட முதல் ஐஎஸ்ஸான ஐஎஸ்-1இன் கிட்டைத் தேடு. டிராகன் வெளியிட்ட பழைய ஐஎஸ்-1 பெட்டி போதும். ஐஎஸ்-2இன் டரட்டை வைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால், பீரங்கியின் முகக்கவசத்தை, அதாவது குழலின் அடியை மூடும் கவசத்தை, பார்க்கச் சொல். பிந்தைய ஐஎஸ்-2களில் அது அகலமானது. நமக்கு வேண்டியது குறுகலானது. ஐஎஸ்-2இன் 122 மி.மீ. குழலை மட்டும் மாற்றி 85 ஆக்கிவிட முடியாது. பீட்டர்ஸ்பர்க்கின் ஆவ்தவோ நினைவிடத்தில் நிற்கும் கேவி-85இன் படங்கள் மொத்த உருவத்தை மனத்தில் வாங்கிக்கொள்ள உதவும். ஆனால் பொதுவாகவே, பல ஆண்டுகளாக வெயிலிலும் பனியிலும் நின்று, பலமுறை வண்ணம் பூசப்பட்ட நினைவுச்சின்னங்களைச் சின்னஞ்சிறு விவரங்களுக்குச் சாட்சியாக நான் எடுத்துக்கொள்வதில்லை. போர்க்காலப் படம் மங்கலாக இருந்தாலும் அதற்குத்தான் என் ஓட்டு.

இதே கண்ணோட்டத்தில் பார்த்தால், அரிய சோவியத் டாங்கிகளில் பாதி இப்படி ஆலைக்குள்ளேயே ஒன்றிலிருந்து இன்னொன்றாகப் பிறந்தவை என்பது புரியும். கேவியே, இரண்டு டரட் கொண்ட எஸ்எம்கேயில் ஒன்றைக் கழித்ததால் வந்தது. டி-100இன் உடலில் 130 மி.மீ. கடற்படைப் பீரங்கியை ஏற்றியதுதான் எஸ்யூ-100ஒய். அந்த ஒற்றை வண்டி இன்றும் இருக்கிறது. 1943இல் வந்த இலகு டாங்கியான டி-80, டி-70இன் மேல் இருவர் அமரும் டரட்டை வைத்தது. நூறு வண்டிகளைக்கூட எட்டாமல் அதன் உற்பத்தி நின்றது. மினிஆர்ட் இதைக் கிட்டாகப் போட்டிருக்கிறது. ஆனால் நீ கடைகளில் டி-80 என்று கேட்டால் பல ஆண்டுகள் பின்னால் வந்த, விசைச்சுழலி எஞ்சின் பொருத்திய டி-80யைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். 1943 என்ற ஆண்டையும் இலகு டாங்கி என்பதையும் சேர்த்தே கேள்.

என் மேசையில் இப்போது இருப்பது 57 மி.மீ. பீரங்கி கொண்ட டி-34. 1941இல் கார்கோவ் ஆலை செய்த பத்து வண்டிகள் 21ஆம் டாங்கிப் படையணிக்குக் கொடுக்கப்பட்டு, அந்த அக்டோபரில் கலினின் நகரை நோக்கிய தாக்குதலில் இறங்கின. அந்தப் படையணியின் டாங்கி ரெஜிமென்ட் தளபதி மேஜர் லூக்கின் அந்தத் தாக்குதலில் அக்டோபர் 17 அன்று மாண்டார். வெளித்தோற்றத்தில் வேறுபாடு ஏறக்குறைய குழல் மட்டுமே என்பதால் இது எளிய வேலை என்று தோன்றும்; குழல் சரியாக அமையாவிட்டால் மாதிரியே இல்லை என்பதுதான் இதில் உள்ள கடினம். குழலின் நீளம் அதன் உள்விட்டத்தைப்போல் 73 மடங்கு. கணக்குப் போட்டால் முழு நீளம் 4161 மி.மீ., நம் அளவில் 119 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. சாதாரண டி-34இன் எஃப்-34 குழல் நம் அளவில் 90 மி.மீ.தான். இரண்டிலும் பின்பகுதி டரட்டுக்குள் மறையும். இவ்வளவு ஒல்லியான, நீண்ட குழலைப் பிளாஸ்டிக்கில் செய்தால் கோடை வெயிலில் வளைந்துவிடும். எனவே பீளமேட்டில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறைக்காரரிடம் அலுமினியத்தில் கடைந்து வாங்கினேன். மோட்டார் பம்பு உதிரிகளுக்கு நடுவே இதை அவர் சலிக்காமல் செய்து கொடுத்தார். எதற்கு என்று கேட்கவில்லை, முனையின் விட்டத்தை மட்டும் இரண்டு முறை கேட்டார்.

டி-34இல் இன்னொரு கண்ணியும் உண்டு. கிட்டில் கிடைப்பதெல்லாம் டி-34 என்று எடுத்துவிடக் கூடாது. ஸ்டாலின்கிராட் ஆலை ரப்பர் பற்றாக்குறையால் எஃகு விளிம்புச் சக்கரங்களைப் போட்டது. உராலில் 1942இல் அழுத்து இயந்திரத்தில் தகட்டை அழுத்தி உருவாக்கிய டரட் வேறு உருவம். அந்தப் பத்து வண்டிகளும் 1941இன் கார்கோவ் வேலை என்பதால், அந்த ஆலையின் அந்த ஆண்டுக்குரிய டரட்டும் சக்கரமும் உள்ள பெட்டியைத்தான் அடிப்படையாகக் கொள்ள வேண்டும்.

ஆப்ஜெக்ட் 279 என்ற சோவியத் சோதனை டாங்கி பற்றிக் கேட்டிருந்தாய். அதற்கு இந்த வைத்தியம் ஒன்றும் பலிக்காது. நான்கு ட்ராக், நீள்வட்டமாக வளைந்த வார்ப்பு உடல். எந்த டாங்கியிலிருந்தும் அதை எடுக்க முடியாது. தாகோம், பாண்டா ஆகிய இரண்டு நிறுவனங்களும் அதைக் கிட்டாகப் போட்டிருக்கின்றன. கிடைத்தால் வாங்கு, கிடைக்காவிட்டால் விட்டுவிடு. ஐந்து டரட் கொண்ட டி-35உம் அப்படியே: ஹாபிபாஸ், ஸ்வெஸ்தா, ஐசிஎம் மூன்று நிறுவனங்களின் கிட்களும் உண்டு. அதில் உனக்குச் சிக்கல் கிட் அன்று, எந்த வண்டியைச் செய்வது என்பதுதான். 1941 ஜூனில் அவை பெரும்பாலும் பழுதாகிச் சாலையோரம் நின்றன. கடந்து சென்ற ஜெர்மானியச் சிப்பாய்கள் ஒவ்வொன்றின் மேலும் ஏறிப் படம் எடுத்துக்கொண்டார்கள். அதனால் அறுபத்துச் சொச்சம் வண்டிகளே செய்யப்பட்ட டாங்கியில், இந்த வண்டிக்கு இந்த மூடி, அந்த வண்டிக்குக் கூம்பு டரட் என்று தனித்தனியே பேச முடிகிறது. படம் பார்த்து ஒரு வண்டியை முடிவு செய்தபின் பெட்டியைத் தேடு.

இப்போது என் தேவை. உன் பழைய பெட்டிகளில் ஐஎஸ்-1இன் குறுகிய முகக்கவசம் உபரியாக இருப்பதாக எப்போதோ எழுதியிருந்தாய். எனக்கும் ஒரு கேவி-85 செய்யும் ஆசை வந்துவிட்டது. அதை ஒரு தீப்பெட்டியில் பஞ்சு வைத்து அனுப்பு. பதிலுக்கு எஃப்-34 குழல்கள் என்னிடம் மீதம் இருக்கின்றன, எத்தனை வேண்டும் என்று எழுது.

அன்புடன்,
மாணிக்கம்